சனிக்கு ஒரு மல்லாட்டை

கோள்களுக்குக் குரல் கொடுக்கிற தொழிலில் கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: கோள்கள் எட்டு, தொண்டை ஒன்று. மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள், கறுப்புத் துணிக்குப் பின்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வெந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கட்டிப்பிடித்து அழலாம். அவ்வளவு கொடுத்துவைக்காதவர்கள், கடையிலோ கவுன்ட்டரிலோ நின்று ஒரே பதிலை ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்லி வாய் வலித்தவர்களாக இருந்தாலும் போதும். நாமெல்லாம் ஒரே கட்சி.

கேஸ் வண்டி வந்த நாள்

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கேஸ் சிலிண்டர். போன வருஷம் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வளவனூரில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். நான் சும்மா இருப்பது தெருவுக்கு ஆகாது. ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, கேஸ் போடுகிற அண்ணன் குரலில் "சிலிண்டரேய்ய்" என்று இரண்டு தடவை இழுத்தேன். தெருவே தூக்கத்திலிருந்து எழுந்து காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது. வண்டியைத்தான் காணோம். அன்று சாயங்காலமே எங்கம்மா, என் அக்காவோடு காலேஜில் படித்த கலைவாணி அக்காவுக்குப் போன் போட்டு, "எஸ்தர எங்கயாவது கூட்டிக்கினு போயிடும்மா, புண்ணியமா போவும்" என்று கெஞ்சினார்.

கலை அக்காவுக்கு விழுப்புரம். இயற்பியல் படித்தவர். அந்த மே மாதம் விழுப்புரம் பொருட்காட்சியில் 'சூரியக் குடும்பம்' என்று ஒரு கொட்டகை போட்டார்கள். அதில் விளக்கம் சொல்லும் வேலை அவருக்கு. கொட்டகை முதலாளி தணிகாசலம் அண்ணன், கல்யாணத்துக்குப் பந்தலும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறவர். நடுவில் ஒரு பெரிய மஞ்சள் பல்பு, அதுதான் சூரியன். சுற்றிலும் எட்டுக் கோள்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பீக்கர். கலை அக்கா கேள்வி கேட்பார், கோள் பதில் சொல்லும். அந்தப் பதில் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் போய் நின்றேன்.

சூரியனுக்குப் பக்கத்தில் அல்லாடுகிற புதனுக்குப் பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர் குரல்: "ஜல்தி ஏறு, ஜல்தி ஏறு, எம்பத்தெட்டு நாள்ல ஒரு ரவுண்டு, நிக்க நேரம் இல்ல!" வெள்ளிக்கு பியூட்டி பார்லர் அக்கா. பூமிக்கு எங்கம்மா: "எல்லாரும் என் தல மேலயே உக்காந்துக்கினு இருங்க, எவனாவது ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுக்கறீங்களா?" செவ்வாய்க்குப் பி.டி. மாஸ்டர். யுரேனஸ் படுத்துக்கொண்டே சுற்றுவதால், கறிசோறு சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் என் பெரியப்பா. நெப்டியூனுக்கு டவர் கிடைக்காத செல்போன்: "ஹலோ... கேக்குதா... நான் கடைசில இருக்கேன்... கடைசில!" எல்லாவற்றிலும் பெரிய வியாழனுக்கு முதலாளியின் குரலையே கொடுத்துவிட்டேன். சனிக்குத் தொண்டையை இறுக்கி, கூத்தில் வருகிற அசுரன் மாதிரி ஓர் உறுமல். அந்த இடத்தில் கலை அக்கா முகத்தைச் சுளித்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன், உறுமல் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு எட்டையும் கேட்டார். கடைசியில் சொன்னார்: "எல்லாம் சூப்பரா இருக்குது பாப்பா. அந்த வியாழன் மட்டும் எவனோ வெவரம் கெட்டவன் பேசற மாரி இருக்குது, அத மட்டும் கொஞ்சம் மாத்திடு."

இரண்டு பேர் லீவு

வாசலில் ஆளுக்கு ஒரு மல்லாட்டை, அதாவது தோல் உரிக்காத வேர்க்கடலை, கொடுப்போம். அது முதலாளியின் யோசனை. ஒவ்வொரு கோளுக்கு முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்த கோளின் வாளியில் அந்த மல்லாட்டையைப் போட வேண்டும். கொட்டகையை மூடும்போது எண்ணி, எந்தக் கோள் முதல், எந்தக் கோள் கடைசி என்று வாசல் பலகையில் எழுதிவைப்போம். விருத்தாசலம் பக்கத்திலிருந்தும் திண்டிவனம் பக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற ஊரில் வாக்குச்சீட்டு அடிப்பது வீண் என்பது அவர் கட்சி. வந்தவர்களில் பாதிப் பேர் ஓட்டுப் போட்டார்கள், பாதிப் பேர் ஓட்டை உடைத்துத் தின்றார்கள்.

முதல் நாளே, வல்லம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் மல்லாட்டையைக் கையில் உருட்டிக்கொண்டு இரண்டு சுற்று வந்தார். எட்டு வாளியையும் எண்ணினார். "ஏம்மா, ஒம்போது இல்ல இருக்கணும்? ராகு எங்க, கேது எங்க? வேலைக்கு வரலியா?" என்றார். கலை அக்கா பொறுமையாக, ராகுவும் கேதுவும் உருண்டைகள் இல்லை, நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகள் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினார். அவர் குனிந்து அந்தப் புள்ளியையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாரு, இத்தினியூண்டு புள்ளிக்கா நாம மூணு வாட்டி பரிகாரம் பண்ணோம்?"

வலமா, இடமா

கோள்களெல்லாம் சூரியனை இடப்பக்கமாகச் சுற்றுகின்றன, அதாவது நாம் கோயிலில் சுற்றுவதற்கு நேர் எதிராக. கலை அக்கா விஞ்ஞானத்தில் கறார். சுண்ணாம்பால் தரையில் அம்புக்குறி போட்டு, ஜனங்களும் அதே பக்கமாகத்தான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பல்பைச் சுற்றிக் கோள்களை வைத்துவிட்டு இந்த ஊர் ஜனங்களை இடமாகச் சுற்றச் சொன்னால் என்ன ஆகும்? செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தவர்களே முப்பது பேர் இருந்தார்கள். அம்புக்குறி ஒரு பக்கம் இழுக்க, கால் மறுபக்கம் இழுக்க, செவ்வாய்க்கு முன்னால் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு நின்றது. நான் பி.டி. மாஸ்டர் குரலில் "லெஃப்ட் டர்ன்! ஏய், லெஃப்ட்னு சொன்னேன்!" என்று கத்தியதில் நெரிசல் இரண்டு மடங்கானது.

இடுப்பில் பேரப்பிள்ளையோடு நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் அம்மாவிடம் கலை அக்கா, "அம்மா, கோள் எல்லாமே இப்பிடித்தாம்மா சுத்துது, இல்லீங்களா?" என்று மன்றாடினார். அந்தம்மா ஓர் அடிகூட நகரவில்லை.

"அதுங்க எப்பிடி வேணா சுத்திக்கட்டும் கண்ணு. அதுங்களுக்குப் புள்ளகுட்டியா, குடும்பமா? நாங்க வலமாத்தான் சுத்துவோம்."

மறுநாள் காலையில் முதலாளியே துடைப்பத்தை எடுத்து அம்புக்குறியை அழித்துவிட்டு, திருப்பிப் போட்டார்.

யாருக்கு எது பிடித்தது

எனக்கு இப்போதும் அந்தக் கொட்டகையை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது துணியில் இருந்த ஓட்டைதான். மைக்கை அணைத்துவிட்டு அதில் கண்ணை வைத்துக்கொள்வேன். வெளியே டெல்லி அப்பளம் பொரிக்கிற வாசனை, ராட்டினத்தில் ஏறியவர்களின் அலறல், உள்ளே கையில் மல்லாட்டையோடு யோசித்துக்கொண்டு நிற்கிற முகங்கள். சொந்தமாக ஒரு கோளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் மனிதர்கள் எவ்வளவு சீரியஸாகிவிடுகிறார்கள் தெரியுமா?

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் புதனுக்குப் போட்டான், வருஷத்துக்கு நாலு பிறந்தநாள் வருமாம். ஒரு நர்ஸ் அக்கா யுரேனஸுக்குப் போட்டுவிட்டு, "படுத்துக்கினே வேலை பாக்குது, குடுத்துவெச்சது" என்று பெருமூச்சு விட்டார். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் நேராக நெப்டியூனுக்குப் போனது. அந்தக் கடைசிக் கோள் ஏன் என்று புருஷன் கேட்டதற்கு, "அவ்ளோ தூரத்துக்கு உங்கக்கா வர மாட்டாங்க இல்ல?" என்றது. நான் மைக்கை அணைக்க மறந்து சிரித்துவிட்டேன். நெப்டியூனே சிரிக்கிறது என்று அந்த ஆள் அதையும் முறைத்தார்.

எப்போதும் பூமிதான் முதலிடம். கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த ஒரு விவசாயி எட்டு வாளியையும் பார்த்தார். கையிலிருந்த மல்லாட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்தார், பருப்பு நன்றாக முற்றியிருக்கிறதா என்று. பிறகு பூமியின் வாளியில் பத்திரமாக வைத்தார், போடவில்லை.

"இந்தப் பயிரு எதுல வெளையுதோ அதுக்குத்தாம்மா நம்ம ஓட்டு. மத்ததெல்லாம் வெறும் கல்லும் காத்தும்னு நீயே சொல்ற. அங்க போயி எவன் களை எடுக்கறது?"

சனிக்கிழமை விளக்கு

சனியின் வாளி மட்டும் காலியாகவே கிடந்தது. காரணம், ஊர் வழக்கம் பாதி, நான் பாதி. கோள்களிலேயே அழகானது அதுதான். கலை அக்காவே செய்தது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி, டீ டிக்காஷன் தடவி, காயும் முன்னால் சீப்பால் கோடு இழுத்து, நாலு நாள் உட்கார்ந்து அந்த வளையத்தைச் செய்திருந்தார். நானோ ஸ்பீக்கரைப் போட்டு, "ஹ்ஹ்ம்ம்ம்! யார்ர்றா அது? புடிச்சேன்னா ஏழரை வருஷம் வுட மாட்டேன்!" என்று உறுமுவேன். பிள்ளைகள் அலறும். அம்மாக்கள் அதுகளின் கண்ணை முந்தானையால் மூடிக்கொண்டு வியாழனிலிருந்து யுரேனஸுக்கு ஒரே தாவலாகத் தாவுவார்கள். துணிக்குப் பின்னால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். எங்கள் வீட்டில் ஜாதகம் பார்க்கிற வழக்கமே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதோடு சரி. ஏழரை என்றால் சினிமாவில் வருகிற காமெடி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் பையிலிருந்து எள் முடிச்சையும் அகல்விளக்கையும் எடுத்து, சனிக்கு நேர் கீழே ஏற்றிவிட்டார். பார்த்து ஓடிவருவதற்குள் வளையத்தின் ஓரம் கருகிப் புகைந்தது. முதலாளி பூமிக்குப் பக்கத்தில் இருந்த குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். "கொட்டகையே பத்திக்கினு இருக்கும்! யாரும்மா உன்ன வெளக்கேத்தச் சொன்னது?" என்று அவர் கத்த, அந்தம்மா ஸ்பீக்கரைக் காட்டினார்: "இதுதாங்க சொல்லுச்சு, புடிச்சா வுட மாட்டேன்னு. அப்பிடியே வூட்டுக்குப் போயிட முடியுமா?"

முதலாளி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்: அடுத்துக் கொட்டகை போடப்போகிற திண்டிவனத்தோடு சனிக்குக் கணக்குத் தீர்ந்தது, அதற்கப்புறம் அந்த இடத்தில் ஜனங்கள் செல்ஃபி எடுக்கிற மாதிரி ஒரு பிறைநிலா. கலை அக்கா கருகிய வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சனி இல்லாமல் சூரியக் குடும்பம் என்று போர்டு வைப்பது பொய் என்றார். கெஞ்சினார். நான் அதுவரை அவர் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை. முதலாளி ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார்.

"சரிம்மா. திண்டிவனத்துல பத்து நாளு. கடைசி நாள் அன்னிக்கும் பலகையில சனிதான் கடைசின்னா எறக்கிடுவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு நிக்கக் கூடாது."

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது

விழுப்புரத்தில் கொட்டகையைப் பிரித்துத் திண்டிவனத்தில் போட்டார்கள். நாங்கள் தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்தோம். இரண்டாம் நாள் பஸ்ஸில் கலை அக்காவுக்கு அவர் அம்மாவிடமிருந்து போன். "ம்... ம்... சரிம்மா" என்று மூன்று வார்த்தைதான் பேசினார். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று, வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டியபோதும் திரும்பவில்லை. நான் அவரைச் சிரிக்கவைப்பதற்காகப் பஸ்ஸில் இருந்த எல்லாருடைய குரலிலும் வெள்ளரிப்பிஞ்சு கேட்டுப் பார்த்தேன். பலிக்கவில்லை.

அப்புறம் அவராகவே சொன்னார். பார்த்துவிட்டுப் போன மூன்றாவது மாப்பிள்ளை வீடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். ஜாதகத்தில் ஏழரை நடக்கிறதாம். வீட்டில் அந்தப் பேரையே சொல்லக் கூடாது என்று அவர் அம்மா உத்தரவு போட்டிருக்கிறார். "நான் எட்டாவது படிக்கும்போது எங்க ஸ்கூல் கிரவுண்டுல ஒரு சாரு டெலஸ்கோப் வெச்சுக் காட்டினாரு. வரிசையில நின்னு நானும் பாத்தேன். வளையத்தோட அப்பிடியே சின்னதா, சுத்தமா நின்னுச்சு. சாரு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாத்தறாருன்னு நெனச்சு, முன்னாடி போயி கண்ணாடியத் தடவிப் பாத்து அடி வாங்கினேன். அன்னிக்குத்தான் பிசிக்ஸ் படிக்கணும்னு முடிவு பண்ணேன்" என்றார். பஸ் கிளம்பியது. அந்த உறுமலை ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் இவர்தானே?

"அதுக்கு என்னைத் தெரியவே தெரியாது எஸ்தரு. அது பாட்டுக்கு அது சுத்திக்கினு இருக்குது. அதுமேல ஏன் எல்லாரும் என்னைக் கொண்டுபோயி கட்டுறாங்க?"

நல்ல சனி

அன்றிலிருந்து உறுமலை விட்டுவிட்டேன். பாவமன்னிப்பு கேட்கிற வேகத்தில் சனிக்கு விதவிதமான குரல் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் தாலாட்டுப் பாடினேன். குழந்தைகள் தூங்கவில்லை, அம்மாக்கள்தான் இன்னும் வேகமாக நடந்தார்கள். ஒரு நாள் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் குரலில் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்து கோன் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திட்டிவிட்டுப் போனார்கள். எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி இனிக்க இனிக்கப் பேசிப் பார்த்தேன், அதற்கு யாருமே நிற்கவில்லை. பலகையில் சனி எட்டாவது இடத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. கலை அக்கா கருகிய ஓரத்துக்கு மறுபடியும் டிக்காஷன் பூசினார், நாளை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் சனியை வெறுமனே சிரிக்கவைத்தேன், சின்னக் குழந்தை மாதிரி. ஒரு பாட்டிம்மா வெளியே ஓட்டமாக ஓடினார், மருமகளையும் இழுத்துக்கொண்டு.

"சிரிக்குதுடி! திட்டினாக்கூடப் பரவாயில்ல, சிரிச்சா என்னமோ பெருசா யோசன பண்ணி வெச்சிருக்குதுன்னு அர்த்தம்!"

கடைசி நாள்

கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கலை அக்காவின் அம்மா வந்துவிட்டார். திண்டிவனத்திலேயே ஒரு மாப்பிள்ளை வீடு, பெண்தான் தினமும் இந்த ஊருக்கு வருகிறதே, இங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார்களாம், ஐந்து மணிக்குப் போக வேண்டும். கையில் பட்டுப்புடவைப் பை, பூ. வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். வெயில் அவரை உள்ளே துரத்திவிட்டது. முதலாளி அவர் கையிலும் ஒரு மல்லாட்டையைக் கொடுத்தார். ஓட்டை வழியாகப் பார்த்தேன். வலமாகச் சுற்றிக்கொண்டே வந்தவர் வியாழனைத் தாண்டியதும் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கு எதிரில், இருபது முப்பது பேருக்கு நடுவில், கலை அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "நீங்க யாருங்க?"

அதுவரை நான் மிமிக்ரி செய்யாத ஒரே ஆள் கலை அக்காதான். மாட்டினால் வேலை போய்விடும் என்ற பயம். அன்றைக்குப் பயப்பட நேரமில்லை. ஒரு சின்னச் செருமல் போட்டுவிட்டு, அவர் குரலிலேயே ஆரம்பித்தேன். "நான்தாங்க சனி. நான் இங்கேர்ந்து நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கேன். என்மேல கால் வெச்சுக்கூட நிக்க முடியாது, எல்லாம் காத்துதான். என் வளையம் ஐசும் கல்லும். ஒருவாட்டி ஒரு பொண்ணு ஸ்கூல் கிரவுண்டுல என்னைப் பாத்துட்டு, ஸ்டிக்கர்னு நெனச்சு கண்ணாடியத் தடவிப் பாத்துச்சு. என்னைப் பாத்து பயப்படாம கிட்ட வந்தது அது ஒண்ணுதான், இல்லீங்களா?"

கூட்டம் திரும்பி கலை அக்காவின் வாயைப் பார்த்தது. வாய் மூடியிருந்தது. அவர் துணியை ஒரு முறை முறைத்தார், கண் மட்டும் நனைந்திருந்தது. அவர் அம்மா தலையை நிமிர்த்திச் சனியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் சனியைப் பார்த்தார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரி, வளையத்தைப் பார்த்தே கேட்டார்: "அவ்ளோ தூரத்துல இருந்துக்கினு எங்க வூட்டு விஷயத்துல ஏம்பா தலையிடற?" எழுதிவைத்த பதில் எதுவும் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நான் தலையிடலைங்கம்மா. ஒரு சுத்து சுத்தி முடிக்கவே இருபத்தொம்பதரை வருஷம் ஆவுது. எனக்கு ஏதுங்க நேரம்?"

கொட்டகையே சிரித்தது. அந்தம்மா சிரிக்கவில்லை. சனியின் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மல்லாட்டையை உள்ளே போட்டுவிட்டு, பின்னால் தயங்கி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"பாவம், காலியா இருக்குது. போடுங்க, கடிச்சா வெச்சுடும்?"

பலகை

கடைசி நாள் என்பதால் அன்று ஆறு மணிக்கே கொட்டகையை மூடிவிட்டு முதலாளி எண்ணினார். நானும் கூட உட்கார்ந்து எண்ணினேன், நான் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போட்டார். பூமி முதல். வியாழன் இரண்டாவது, என் குரல் வளத்தால். சனி ஆறாவது. செவ்வாயையும் யுரேனஸையும் பின்னுக்குத் தள்ளியிருந்தது. நான் பஸ் கண்டக்டர் மாதிரி விசில் அடித்தேன். கலை அக்கா மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தார். போனில் சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து "நெஜமாவா? இன்னொரு தடவ எண்ணச் சொல்லு" என்று மட்டும் வந்தது.

முதலாளி சொன்ன சொல் மாறாதவர். சனியைத் தொடவில்லை. ஆனால் பிறைநிலாவுக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த ஊரில் அதை வைக்க ஓர் இடம் வேண்டும். பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசியில் இருந்த யுரேனஸின் பக்கம் நகர்ந்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து கலை அக்கா யுரேனஸுக்காக வாதாடத் தொடங்கினார். மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம். முதலாளி போனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா தாயே, ஒண்ணும் எறக்கல. நிலாவ வாசல்ல வெச்சுக்கறேன். நீ போயி மாப்பிள்ளைக்குக் காபி குடு."

மாப்பிள்ளை வீட்டில்

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அவர்கள் கேட்ட வேறு விஷயங்களுக்காகக் கலை அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறார். முதலாளி இந்த மே மாதம் கல்யாணப் பந்தலுக்கே திரும்பிவிட்டார். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது, தொண்டை சும்மா இருக்கிறது. கறுப்புத் துணியும் அப்பள வாசனையும் இல்லாத ஒரு மே மாதம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததைக் கலை அக்கா எனக்கு வரிக்கு வரி சொல்லியிருக்கிறார். நானும் அதை இரண்டு பேர் குரலிலும் பேசி, கேட்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். பலகாரத் தட்டு வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தாராம்: "தப்பா நெனச்சுக்காதீங்க, பொண்ணுக்கு ஏழரை நடக்குதுன்னு சொன்னாங்க..." மூன்று வருஷமாக அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டிருந்த கலை அக்காவின் அம்மா, அன்றைக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாராம்:

"அது நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டருக்கு அந்தாண்ட, அதும் பொழப்பப் பாத்துக்கினு இருக்குதுங்க. எங்க பொண்ணப் பத்தி எங்களக் கேளுங்க."

எட்டுக் கோளுக்கும் பேசிப் பார்த்தவள் என்ற உரிமையில் யாராவது உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், யார் என்ன பழி போட்டாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தன் பாட்டுக்கு நடக்கிற சனியைத்தான் சொல்வேன், என்னால் அப்படி ஒரு நிமிஷம்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்பதால்.